மறுமொழி: லே-அப் என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம்.

கூடைப்பந்தில் ஓடிவந்து, எம்பி, கூடைக்குப் பக்கத்திலிருந்தே பந்தைப் போடுவதுதான் லே-அப். அதற்கு இதுவரை இங்கே வந்த சொற்கள் மூன்று: பலகையெறி, தாவெறி, ஈரடி வீச்சு. மூன்றையும் ஒரு வாரமாகத் திடலில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். மகளைக் கூடைப்பந்துப் பயிற்சிக்குக் கூட்டிப்போகும் சாக்கில் நாற்பத்து மூன்று வயதில் நானும் கற்றுக்கொண்டிருக்கிறேன். ஆகவே நான் சொல்வதில் கொஞ்சம் முட்டிவலியும் கலந்திருக்கும்.

மூன்றிலும் எனக்கு உறுத்துவது ஒன்றுதான். எறி, வீச்சு. லே-அப்பில் பந்தை எறிவதே இல்லை.

முதல் இரண்டு வாரம் நான் எறிந்துகொண்டுதான் இருந்தேன். ஓடிவந்து, எம்பி, வளையத்துக்குப் பின்னாலிருக்கும் பலகையைப் பார்த்து ஒரு தள்ளு. பந்து பலகையில் மோதி வளையத்தைத் தாண்டித் திரும்பிப் பறக்கும். பயிற்சியாளர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள், "சார், எறியாதீங்க. மேல வைங்க" என்றார். அடுத்த பந்து விழுந்தது என்று எழுத ஆசைதான், விழவில்லை. ஆனால் வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே வந்தது. எனக்கு அதுவே பெரிது.

யோசித்தால் காரணம் எளிது. ஓடிவருகிறவர் கையிலிருக்கும் பந்துக்கு அவருடைய வேகம் ஏற்கனவே உண்டு. அதன்மேல் கையும் தள்ளினால் மிஞ்சிப்போகிறது. ஓட்டத்தை உயரமாக மாற்றுவது காலின் வேலை. வலப்பக்கமிருந்து வந்தால் முதலில் வலக்கால், அப்புறம் இடக்கால், இடக்காலை ஊன்றி எம்ப வேண்டும். வலமுட்டியும் வலக்கையும் ஒரே கயிற்றில் கட்டிய பொம்மை போலச் சேர்ந்து எழ வேண்டும். பலகையில் 59 சென்டிமீட்டர் அகலம், 45 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு சிறு கட்டம் வரைந்திருக்கிறதே, அதன் வலது மேல்மூலையருகே பந்தை மெல்ல விட்டுவிடுவதோடு கையின் வேலை முடிந்தது. ஆங்கிலப் பெயருக்கும் 'மேலே கிடத்துவது' என்றுதான் பொருள்.

'பலகை'யும் வேண்டாம் என்பேன். பலகையைத் தொடாமல் வளையத்தின் விளிம்பைத் தாண்டி விரல்நுனியால் உருட்டிவிடும் லே-அப்பும் உண்டு. போதாததற்கு, 1891-இல் கூடைப்பந்தை உருவாக்கிய நெய்ஸ்மித் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் பத்தடி உயர மாடத்தில் பழக்கூடையை அடித்துத் தொடங்கியபோது பலகையே கிடையாது. மாடத்தில் நின்ற கூட்டம் கையை நீட்டிப் பந்தில் குறுக்கிட்டதால் தடுப்பாக வந்ததுதான் அது. வேடிக்கை பார்க்க வந்தவர்களின் குறும்பு ஆட்டத்துக்கே உறுப்பாகிவிட்டது!

சரி, என் பரிந்துரை: எட்டிவைப்பு.

ஊறுகாய் ஜாடியைப் பரணில் ஏற்ற அம்மா என்ன சொல்வார்? "எட்டி வை." நுனிக்காலில் நின்று, கையை முழுக்க நீட்டி, சத்தமில்லாமல் வைப்பது. அதே 'எட்டி வை' காலுக்கும் உண்டு. "பஸ் வந்துடுச்சு, எட்டி வை" என்றால் அகலக் காலெடுத்து நட என்று பொருள். "நாலெட்டு நடந்தால் கடை" என்கிறோமே, அந்த எட்டு காலடிதான். ஆக லே-அப்பின் முழு வரிசையும் இந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது: இரண்டு எட்டு, பிறகு எட்டுதல், பிறகு வைத்தல். இதை நான் உருவாக்கவில்லை, சமையலறையிலிருந்து எடுத்தேன்.

கிளைச்சொற்களும் பிறக்கும். வளையத்தின் அடியில் புகுந்து அடுத்த பக்கத்தில் வைப்பது மறுபுற வைப்பு. விரலால் உருட்டுவது விரலுருட்டு. பந்தோடு கூடுதலாகக் காலெடுத்து வைத்தால் நம் திடல்களில் "ஸ்டெப்ஸ்!" என்று கத்துவார்கள், அது மிகையெட்டு. 2017-இல் உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபா விதியைத் திருத்தியபின், ஓட்டத்தில் பந்து கைக்குள் வரும்போது தரையில் ஊன்றியிருக்கும் காலைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதைச் சுழியெட்டு, அதாவது பூஜ்யமாவது எட்டு, என்று வைத்துக்கொள்ளலாம்.

———

தம்பி,

ரசித்துப் படித்தேன். ஆனாலும் மூன்று சங்கடம். எட்டி என்றால் எட்டிக்காய் நினைவு வருகிறது, நாக்கு கசக்கிறது. எட்டு என்றால் பிள்ளைகள் எண் என்று நினைப்பார்கள். வைப்பு என்றால் வங்கி. 'எட்டிவைப்பு' என்று செய்தித்தாளில் போட்டால் எத்தனை சதவீத வட்டி என்று கேட்பான் வாசகன். 'எட்டியிடல்' என்று வைத்தால் என்ன? இடு என்பதிலும் வைத்தல் இருக்கிறதே.

இன்னொன்று. எனக்குக் கூடைப்பந்து கற்றுத்தந்தவர் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்தவர். அது 1920-இல் தொடங்கிய கல்லூரி. அவர் நல்ல தமிழ் பேசுவார், ஆனால் லே-அப் தவிர வேறு சொல் சொல்லி நான் கேட்டதில்லை. ஆட்டக்காரர் கேட்காத சொல்லை நாம் ஏன் உருவாக்க வேண்டும்?

———

ஐயா,

வங்கிச் சங்கடம் நியாயமானது, சிரித்துவிட்டேன். ஆனால் பயிர் வைக்கிறோம், பொட்டு வைக்கிறோம், குழம்பும் வைக்கிறோம். வைப்பை வங்கி மொத்தமாக எழுதி வாங்கிவிடவில்லை. எட்டிக்காய்க்கு நான் பொறுப்பில்லை. "எட்டிப் பார்" என்னும்போது யாருக்கும் நாக்கு கசப்பதில்லையே.

'எட்டியிடல்' எழுத்தில் அழகாக இருக்கிறது. ஆனால் திடலில் ஏவ முடிய வேண்டும். எதிரே ஆள் பாய்ந்து வரும்போது "எட்டியிடு!" என்று கத்திப் பாருங்கள், 'யி'யில் நாக்கு தடுக்கும். "எட்டி வை!" தடுக்காது. பெயருக்கு இடல், ஏவலுக்கு வை என்று இரண்டாகப் பிரிப்பதிலும் எனக்கு விருப்பமில்லை.

ஆட்டக்காரர் லே-அப் என்றே சொல்லட்டும், நானும் அப்படித்தான் சொல்கிறேன். எனக்குச் சொல் தேவைப்பட்டது வேறோர் இடத்தில். போன ஞாயிறு மகளின் தோழி, புதிதாகச் சேர்ந்தவள், "லே-அப்னா என்ன அங்கிள்?" என்று கேட்டாள். ஓடி, ரெண்டு ஸ்டெப் வைத்து, குதித்து என்று விளக்கிக்கொண்டே போனேன். முகத்தில் ஒன்றும் ஏறவில்லை. "பரண்ல டப்பா எட்டி வைப்பேல்ல, அத ஓடிவந்து வை" என்றதும் தலையாட்டினாள். அன்றைக்கு அவளுக்குப் பத்தில் மூன்று விழுந்தது. எனக்கு இரண்டு.

யூரோ ஸ்டெப்புக்கு என்னிடம் ஒன்றுமில்லை. ஒரு பக்கம் எட்டு வைத்து, தடுப்பவரை அங்கே இழுத்து, அடுத்த எட்டை எதிர்ப்பக்கம் வைப்பது. 'மாற்றெட்டு' என்று எழுதிப் பார்த்தேன், கணக்குப் பாடம் போலிருக்கிறது. யாராவது உதவுங்கள். மைக்கன் பயிற்சியை மைக்கன் பயிற்சி என்றே விட்டுவிடலாம். அமெரிக்க ஆட்டக்காரர் ஜார்ஜ் மைக்கன் டிபால் பல்கலைக்கழகத்தில் கூடைக்கு அடியில் நின்று இடமும் வலமுமாக மாறி மாறி வைத்துப் பழகியது, அவர் பெயரிலேயே இருக்கட்டும்.

நானும் நாளை காலை அதைத்தான் செய்யப்போகிறேன். இடக்கையில் இன்னும் எறிந்துகொண்டுதான் இருக்கிறேன்.