உதவி: ஸ்டாண்டர்ட் ஏரியா குவெரி குளோபல் ஏரியாவுக்கு வரல்ல (எஸ்ஏபி கம்பெனி மென்பொருள்)

ஹட்டன்_கணக்கு:
அவசரம். பச்சைக் கொழுந்து ரிப்போர்ட் குவெரியை (தரவை எடுத்து ரிப்போர்ட்டா காட்டுற அமைப்பு) ஸ்டாண்டர்ட் ஏரியாவுல இருந்து குளோபல் ஏரியாவுக்கு காப்பி பண்ணினேன். எரர் எதுவும் வரல்ல, ஆனா அங்க போய்ப் பாத்தா குவெரி இல்ல. மாச முடிவுக்கு முந்தி கொழும்பு ஹெட் ஆபீஸுக்குக் குடுக்கணும். யாராவது சொல்லுங்க.

தலவாக்கலை_ஐடி:
எப்படி காப்பி பண்ணினீங்க? எஸ்கியூ01ல (குவெரித் திரை) இருக்கிற காப்பி பட்டன்னா அது அதே ஏரியாவுக்குள்ளதான் காப்பி பண்ணும். டெவலப்மெண்டா (உருவாக்கிற சிஸ்டம்), புரொடக்ஷனா (தினசரி வேலை நடக்கிற சிஸ்டம்)? குவெரி மட்டுமா, இன்போசெட்டும் (குவெரிக்குத் தரவு குடுக்கிற அடிப்படை) சேத்தா?

பதுளை_மலர்:
நீங்க இன்னும் ஸ்டாண்டர்ட் ஏரியாவுலதான் நிக்கிறீங்கன்னு நினைக்கிறேன். எஸ்கியூ01ல என்வயர்ன்மெண்ட், குவெரி ஏரியாஸ் போய் குளோபல் தெரிவு செய்யுங்க. ஒவ்வொரு தடவையும் மாத்தாம இருக்க எஸ்யூ3ல (உங்க யூசர் அமைப்புத் திரை) ஏகியூடபிள்யூ பாராமீட்டருக்கு ஜி குடுங்க.

பேசிஸ்_மூத்தவர்:
தம்பி, அடிப்படையை முதல்ல படிங்க. ஸ்டாண்டர்ட் ஏரியா ஒரு கிளையண்டுக்குள்ள (சிஸ்டத்துக்குள்ள தனித் தரவோட இருக்கிற பிரிவு) மட்டும் இருக்கிறது, குளோபல் எல்லா கிளையண்டுக்கும் பொது, வொர்க்பெஞ்சோட (புரோகிராம் உருவாக்கி மத்த சிஸ்டத்துக்கு அனுப்புற முறை) கட்டுப்பட்டது. இது தெரியாம குவெரியில கை வைக்கக் கூடாது. எஸ்_குவெரி ஆதரைசேஷன்ல 23, அதாவது இன்போசெட் போன்றதை மாத்துற அனுமதி, உங்களுக்கு இருக்கா? இல்லாட்டி வராது.

தலவாக்கலை_ஐடி:
அண்ணே, 23 இல்லாட்டி மெசேஜ் வந்து நிக்கும். இவருக்கு எரரே வரல்லையே. வேற ஏதோ.

ஹட்டன்_கணக்கு:
டெவலப்மெண்ட். எஸ்கியூ02ல (இன்போசெட் திரை) டிரான்ஸ்போர்ட்ஸ் (குவெரியை இடம் மாத்துற வசதி) வழியா போனேன். ஏரியா மாத்தியும் பாத்தாச்சு, இல்ல.

பண்டாரவளை_குவெரி:
அப்ப அது ஆர்எஸ்ஏகியூஆர்3டிஆர் புரோகிராம். அந்தத் திரையில 'டெஸ்ட் ரன்' டிக்கை எடுத்தீங்களா? டிக் இருந்தா லாக் முழுக்க சரின்னு காட்டும், ஆனா எதையும் எழுதாது. எரர் இல்லாம காணாமப் போனா நான் முதல்ல பாக்கிறது அதைத்தான்.

டிக்கை எடுத்த பிறகு ஒழுங்கு முக்கியம். 'காப்பி ஸ்டாண்டர்ட் ஏரியா – குளோபல் ஏரியா' தெரிவு செஞ்சு முதல்ல யூசர் குரூப் (குவெரியைப் பாவிக்கிற ஆக்களோட குழு), அடுத்து இன்போசெட், கடைசியா குவெரி. குவெரியை மட்டும் அனுப்பினா அங்க இன்போசெட் இல்லாம லாக்ல சிவப்பு விழும். குளோபல்ல அதே பேர்ல ஏற்கனவே ஒன்னு இருந்தா 'ஓவர்ரைட்டிங் அலவ்ட்' டிக் இல்லாம மாறாது. அந்த டிக்கை வைக்க முந்தி அங்க இருக்கிறது யாருடையதுன்னு பாருங்க. குளோபல்ல அழிச்சா எல்லா கிளையண்ட்லயும் அழியும்.

பதுளை_மலர்:
ஆனா எதுக்கு குளோபல்? டெவலப்மெண்ட்ல ஸ்டாண்டர்ட்லயே எக்ஸ்போர்ட் பண்ணி ரிக்வெஸ்ட் அனுப்பி, புரொடக்ஷன்ல அதே புரோகிராமால இம்போர்ட் பண்ணலாமே. தோட்டத்து கணக்குப்பிள்ளைமார் மாச முடிவுல ரிப்போர்ட்ல ஒரு நெடுவரிசை சேத்துக்கணும்னா ஸ்டாண்டர்ட்லதான் முடியும். குளோபல்னா புரொடக்ஷன்ல பூட்டுத்தான்.

பேசிஸ்_மூத்தவர்:
பூட்டு இருக்கிறதுதான் நல்லது. ஒவ்வொரு டிவிஷனும் ஒரு குவெரி வச்சிருந்தா கொழுந்து நிறை ஒரு ரிப்போர்ட்டுக்கும் மத்ததுக்கும் ஒத்துவராது.

பதுளை_மலர்:
அதுக்கு இன்போசெட்டைப் பூட்டுங்க, குவெரியை இல்ல. எஸ்_குவெரில 02 (குவெரியை மாத்துற அனுமதி) மட்டும் குடுத்து 23ஐத் தடுத்தா இன்போசெட்டில கை வைக்க மாட்டாங்க. ரெண்டையும் சேத்துக் குடுத்தாத்தான் எல்லா யூசர் குரூப்போட குவெரியும் திறக்கும்.

தலவாக்கலை_ஐடி:
இந்த விவாதத்துக்கு வேற இழை போடலாம். அவருக்கு இன்னைக்கு வேலை முடியணும். ஹட்டன் தம்பி, ஒன்னு கவனிங்க. காப்பிக்குப் பிறகு ரெண்டு குவெரி தனித்தனியா நிக்கும். ஸ்டாண்டர்ட்ல திருத்தினது குளோபலுக்குத் தானா போகாது. பழசை யாரும் தொடாம ஏதாவது செய்யுங்க. குளோபல் இன்போசெட்டோட பேக்கேஜையும் பாருங்க. $டிஎம்பில (வெளிய அனுப்பாத உள்ளூர் பேக்கேஜ்) கிடந்தா டிரான்ஸ்போர்ட்ல ஏறாது.

ஹட்டன்_கணக்கு:
டெஸ்ட் ரன் டிக்தான். எடுத்தேன், வந்துச்சு. ஆனா நாங்க வச்சிருக்கிற இசட் டிரான்சாக்ஷன்ல (நாங்களே உண்டாக்கின குறுக்குவழிக் கட்டளை) இன்னும் பழைய ரிப்போர்ட்தான் திறக்குது.

பண்டாரவளை_குவெரி:
அந்த டிரான்சாக்ஷன், குவெரியில இருந்து தானா ஜெனரேட் ஆன புரோகிராமை நேரடியா காட்டுதா? அப்படின்னா அதுதான் காரணம். ஸ்டாண்டர்ட்ல அந்தப் புரோகிராம் பேருக்குள்ள கிளையண்டோட குறியீடு இருக்கு, குளோபல்ல அது ஏகியூஇசட்இசட்னு தொடங்கும். ரெண்டும் வேற புரோகிராம். எஸ்ஈ93ல (டிரான்சாக்ஷன் உருவாக்கிற திரை) அந்த இசட் டிரான்சாக்ஷனைப் பாராமீட்டர் டிரான்சாக்ஷனா மாத்தி ஸ்டார்ட்_ரிப்போர்ட்டைக் கூப்பிடுங்க. 'ரிப்போர்ட்-டைப்' புலத்தில ஏகியூ, 'ரிப்போர்ட்' புலத்தில யூசர் குரூப் பேர், 'எக்ஸ்ட்-டி-ரிப்போர்ட்' புலத்தில குவெரி பேர்.

யூசர் குரூப் பேரை 12 எழுத்துக்கு வெற்றிடத்தால நிரப்பி, 13ஆவது இடத்தில ஜி போடுங்க. அந்த ஜி இல்லாட்டி ஸ்டாண்டர்ட் ஏரியாவுலதான் தேடும். இடம் ஒன்னு தள்ளிப் போனாலும் கிடைக்காது, எண்ணிப் பாத்துப் போடுங்க.

ஹட்டன்_கணக்கு:
வேலை செய்யுது. நன்றி.

பதுளை_மலர்:
பழைய புரோகிராம் பேரை வச்சு எஸ்எம்37ல (ஜாப் பட்டியல் திரை) தானா ஓடுற ஜாப் ஏதும் ஓடுதான்னும் பாத்துடுங்க. அதுவும் ஸ்டாண்டர்ட் குவெரியைத்தான் ஓட்டிக்கிட்டிருக்கும்.