சாவி என்றால் ஆவி: இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம்) அட்டையோடு அலைந்தவர்களின் அனுபவங்கள்

கடலூர், பீரங்கிப் படை ஹவில்தார் (ஓய்வு)

"சாவி எங்கே?" என்று மனைவி கேட்டால் என் காதில் "ஆவி எங்கே?" என்று விழும். பதினேழு ஆண்டுகள் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்ற காது இது. பஞ்சை உருட்டி அடைத்துக்கொள்வோம். பாதி நாள் அதுவும் இருக்காது. பஸ் ஹாரன் நன்றாகக் கேட்டதால், காது போய்விட்டது என்று ஒப்புக்கொள்ளவே எட்டு ஆண்டுகள் ஆயின. பேத்தி பேசுவதுதான் புரியவில்லை.

திட்டத்தின் பாலிகிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு காது, மூக்கு, தொண்டை நிபுணரிடம் போனேன். காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் ஆடியோகிராம் வரைபடத்தில் கோடு 4000 ஹெர்ட்ஸ் என்ற உச்ச ஒலி அருகே பள்ளத்தில் விழுந்திருந்தது. பரிசோதித்த பெண் அதைப் பார்த்ததுமே, "சிப்காட் தொழிற்சாலையா, பட்டாளமா?" என்று கேட்டார். ஓயாத இரைச்சலில் வேலை செய்தவர்களுக்கு முதலில் அடிபடுவது அந்த இடம்தானாம். ச, த போன்ற மெல்லிய ஒலிகள் நழுவுவதும் இதனால்தான்.

காது கருவிக்குத் திட்டம் தரும் தொகைக்கு உச்சவரம்பு உண்டு. அதற்கு மேல் விலையுள்ளதைத் தேர்ந்தெடுத்ததால் மிச்சத்தை நான் கட்டினேன். ரசீதில் கருவியின் வரிசை எண்ணைக் கடைக்காரர் எழுதாமல் விட்டதால், திட்டத்துக்கு அனுப்பிய கோப்பு ஒருமுறை திரும்பி வந்தது. நீங்கள் வாங்கும்போது அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் மாட்டியதும் குக்கர் விசில் மண்டைக்குள் வெடித்தது. கழற்றி மேசை இழுப்பறையில் போட்டேன். நான்கு மாதம் அங்கேயே கிடந்தது. பிறகு மகள் திட்டி அழைத்துப் போனாள். இரண்டு முறை ஒலி அளவைத் திருத்தியபின் ஒத்துக்கொண்டது. வாங்குவதைவிடத் திருத்திக்கொள்வதுதான் முக்கியம் என்பது யாரும் எனக்குச் சொல்லாத சங்கதி.

புதுச்சேரி முத்தியால்பேட்டை, கடற்படை வீரரின் மனைவி

ஹவில்தார் ஐயா, உங்கள் இழுப்பறையைப் படித்துச் சிரித்தேன். இந்த அட்டை மனைவிக்கும் உண்டு என்பதே எனக்கு வெகுநாள் தெரியாது. அவர் வேட்டி பழுப்பாக இருக்கிறது என்று சலவைக்காரரோடு மாதக்கணக்கில் சண்டை போட்டேன். ஒரு கண்ணில் புரை நீக்கிய மறுநாள் கண்களை மாற்றி மாற்றி மூடிப் பார்த்தேன்: ஒரு கண்ணுக்கு வேட்டி பளீர் வெள்ளை, மற்றதற்குப் பழுப்பு. பாவம் அந்த மனிதர்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். தூரப் பார்வைக்கான லென்ஸ் வைத்தார்கள். நாளிதழ் படிக்க முடியவில்லை என்றதும் அறுவை கெட்டுவிட்டதென்று அழுதேன். படிக்கக் கண்ணாடி போட வேண்டும், அவ்வளவுதான்.

பண்ருட்டி, நாயக் (ஓய்வு)

பல் கதை சின்னது. பிடுங்கிய கையோடு பல்செட் கட்டச் சொல்லி அவசரப்படுத்தினேன். ஈறு ஆறிச் சுருங்கியதும் செட் ஆடத் தொடங்கிவிட்டது. இப்போது இரண்டாவது செட். முந்திரி கடிக்க முடிகிறது, பலாக்கொட்டை பக்கம் போவதில்லை. என் அண்ணன் 1988-இல் ஓய்வுபெற்றவர், திட்டத்தில் இன்னும் சேரவில்லை. சந்தா எவ்வளவு ஆகும்?

கடலூர் ஹவில்தார்

தம்பி, 1996 ஜனவரிக்கு முன் ஓய்வுபெற்றவர்களுக்குச் சந்தாவே இல்லை. உடனே அழைத்துப் போங்கள்.

காது கருவி வாங்குபவர்களுக்கு இன்னொன்று: நம் ஊர் உப்புக்காற்று அதற்கு ஆகாது. இரவில் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். நான் பெருங்காய டப்பாவைக் கழுவி எடுத்துக்கொண்டேன். இரண்டு நாள் காதெல்லாம் சாம்பார் மணம்.