பழைய 27 அங்குல ஐமேக் விலைக்கு வருகிறது, வாங்கலாமா? (டிடிபி வேலைக்கு)

அச்சுமை:
வணக்கம். சிவகாசியில் சின்னதாக ஒரு டிடிபி சென்டர் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புக், சீசன் வந்தால் காலண்டர். நடுநடுவே இரண்டு பதிப்பகங்களுக்குப் புத்தக லேஅவுட். இப்போது இருப்பது அசெம்பிள் செய்த விண்டோஸ் கம்ப்யூட்டரும் 22 அங்குல மானிட்டரும்.

விருதுநகரில் தெரிந்த ஸ்டுடியோக்காரர் ஒருவர் கடையைக் காலி செய்கிறார். அவரிடம் 27 அங்குல ஐமேக், 5கே திரையோடு இருக்கிறது. 2019 மாடல் என்கிறார். 45,000 சொல்கிறார், பேசினால் குறைப்பார். பார்த்துவிட்டு வந்தேன். திரையைப் பார்த்ததும் மனசு அங்கேயே உட்கார்ந்துவிட்டது, அதுதான் பயமாக இருக்கிறது.

என் சந்தேகங்கள்: கம்ப்யூட்டர், மானிட்டர், ஸ்பீக்கர் எல்லாம் ஒரே உடம்பு. ஒன்று போனால் எல்லாம் போய்விடுமா? அப்புறம், என் பத்து வருட வேலை முழுக்கப் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில், பாமினி மாதிரி பழைய எழுத்துருக்களில் கிடக்கிறது. அதை என்ன செய்வது? மூன்றாவது, நாலைந்து வருடம் கழித்துக் கம்ப்யூட்டர் ஓய்ந்துபோனால் திரையை மட்டும் மானிட்டராக வைத்துக்கொள்ளலாமா? "ஒரு கேபிள் போட்டால் போதும்" என்கிறார் அவர். அது உண்மையென்றால் நாளைக்கே பணத்தைக் கொடுத்துவிடுவேன்.

ஒளிக்கோடு:
கொடுத்துவிடாதீர்கள், மூன்றாவது கேள்விக்குப் பதில் 'முடியாது'.

ஸ்டுடியோக்காரர் பொய் சொல்கிறார் என்று சொல்ல மாட்டேன், பழைய மாடலை நினைத்துச் சொல்லியிருப்பார். 2009 கடைசியில் வந்த 27 அங்குல ஐமேக்கிலிருந்து 'டார்கெட் டிஸ்ப்ளே மோட்' என்று ஒரு வசதி இருந்தது. இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து கேபிள் இழுத்தால் ஐமேக் வெறும் மானிட்டராகிவிடும். 2014 அக்டோபரில் 5கே திரை வந்தபோது அந்த வசதி போய்விட்டது. 5120 × 2880 புள்ளிகளை ஒரே இணைப்பில் கொண்டுபோக அன்றைய டிஸ்ப்ளேபோர்ட்டுக்குத் தெம்பு கிடையாது. பிறகு தண்டர்போல்ட் 3 வந்தும் ஆப்பிள் அதைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. 2019 ஐமேக்கில் மான்டெரேயோ அதற்குப் பிந்தைய மேக்ஓஎஸ்ஸோ (மேக்கின் இயங்குதளம்) இருந்தால் ஏர்ப்ளே என்ற திரைப் பகிர்வு வசதி வழியாக இன்னொரு மேக்கின் திரையைக் காட்டலாம். போட்டோ காட்ட சரி, பக்கம் கட்ட உதவாது.

உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு, சீனாவிலிருந்து வரும் டிரைவர் போர்டு ஒன்றைப் பொருத்தி மானிட்டராக மாற்றுகிறவர்கள் உண்டு. அதற்குத் திரையைச் சுற்றியுள்ள பசையை அறுத்துத் திறக்க வேண்டும். கை நடுங்காதவர்களுக்கான வேலை.

பழைய மவுஸ்:
ஒளிக்கோடு சொன்னது சரி. ஆனால் அண்ணாச்சி ஏன் மயங்கினார் என்பதையும் சொல்ல வேண்டும் இல்லையா?

அந்தத் திரை ஏறக்குறைய 598 மில்லிமீட்டர் அகலம், 336 உயரம். ஏ4 தாள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 420-க்கு 297. அதாவது விரித்த இரண்டு பக்கமும் அச்சாகும் அதே அளவில் திரையில் நிற்கும். ஓரத்தில் டூல்களுக்கும் இடம் மிஞ்சும். இப்போது புதிதாக விற்கும் '24 அங்குல' ஐமேக்கின் திரை உண்மையில் 23.5 அங்குலம். உயரம் 293 மில்லிமீட்டர் சொச்சம்தான். ஏ4 நாலு மில்லிமீட்டரில் தவறிவிடும்! மெனு பட்டை வேறு இருக்கிறது. விளம்பரத்தில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி தெரியும், பக்கம் கட்டுகிறவனுக்குத்தான் வித்தியாசம் புரியும். அங்குலத்துக்கு 218 புள்ளி என்பதால் 8 பாயிண்ட் தமிழ் எழுத்தில் சுழி அடைந்திருக்கிறதா என்று பெரிதாக்காமலே பார்க்கலாம். பி3 என்ற அகன்ற வண்ணப் பரப்பும் உண்டு. அச்சு மை அப்படியே வரும் என்று அர்த்தமில்லை, ஆனாலும் உங்கள் 22 அங்குலத்தைவிட எவ்வளவோ மேல்.

முதல் கேள்விக்கு என் சொந்தக் கதை. எங்கள் ஆபீஸில் வேறொரு கம்பெனியின் ஆல்-இன்-ஒன் இருந்தது, பெயர் வேண்டாம். விளக்கு எரிகிறது, திரை கறுப்பு. தனி மானிட்டராக இருந்தால் பக்கத்து மேசையிலிருந்து ஒன்றைத் தூக்கி வந்து செருகி அரைமணியில் வேலையைத் தொடர்ந்திருப்போம். இதில் திரைதான் போயிருக்கிறதா, போர்டா, பவர் சப்ளையா என்று தெரிந்துகொள்ளவே மதுரைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. பதினோரு நாள். அதுவும் காலண்டர் சீசன். ஆல்-இன்-ஒன்னில் ரிப்பேர் செலவைவிட இந்தக் காத்திருப்புத்தான் கடையைக் கொல்லும். அதனால் இதை வாங்கினாலும் பழைய கம்ப்யூட்டரை விற்காதீர்கள்.

கோப்புக்காரி:
பேஜ்மேக்கர் விஷயத்தில் மட்டும் இந்தப் பழைய ஐமேக்குக்கு ஒரு யோகம் இருக்கிறது, அண்ணா. இது இன்டெல் சிப். பூட் கேம்ப் என்ற ஆப்பிள் வசதி மூலம் விண்டோஸ் 10 தனியாகப் போட்டுக்கொள்ளலாம். ஆப்பிளின் சொந்த எம் வரிசை சிப் உள்ள புதிய மேக் எதிலும் பூட் கேம்ப் கிடையாது. ஆனால் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது, விண்டோஸ் 11 இதில் முறைப்படி ஏறாது. ஏற்றினால் நெட் கொடுக்காமல் பழைய பைல் திறக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், அந்த வேலைக்கு உங்கள் அசெம்பிள் பெட்டியே போதும்.

புது வேலையை யூனிகோடு எழுத்துருவில், அடோபியின் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் தொடங்குங்கள். மேக்கில் தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் கூடவே வருகின்றன, தனியாக எதுவும் ஏற்ற வேண்டாம். இன்டிசைனில் தமிழ் மாதிரி எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் 'வேர்ல்டு-ரெடி' கம்போசரைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். மறந்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று ஓடும். நான் முதல் நாள் எழுத்துருதான் கெட்டுவிட்டது என்று நினைத்து மூன்று முறை அழித்து ஏற்றினேன்.

அச்சுமை:
எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை மறுபடி போய், 'அபவுட் திஸ் மேக்' திறந்து எழுதிக்கொண்டு வந்தேன். 2019 தான். 3.0 ஐ5, ஆறு கோர். 8 ஜிபி ரேம். 1 டிபி ஃபியூஷன் டிரைவ். ஃபியூஷன் என்றால் எஸ்எஸ்டியா, ஹார்டு டிஸ்க்கா? அவர் எஸ்எஸ்டி என்கிறார்.

ஒளிக்கோடு:
இரண்டும். ஆனால் பாயசத்தில் முந்திரி அளவுக்குத்தான் எஸ்எஸ்டி. அந்த மாடலின் 1 டிபி ஃபியூஷனில் எஸ்எஸ்டி வெறும் 32 ஜிபி. மீதியெல்லாம் சுற்றுகிற ஹார்டு டிஸ்க். 2 டிபி ஃபியூஷனாக இருந்தால் 128 ஜிபி கிடைத்திருக்கும். ரேம் வேறு 8 தான் என்பதால் இன்டிசைன், போட்டோஷாப் இரண்டையும் சேர்த்துத் திறந்தால் திணறும்.

இதற்காகத் திரையை அறுக்க வேண்டாம். நல்ல யூஎஸ்பி-சி வெளி எஸ்எஸ்டி ஒன்று வாங்கிப் பின்னாலுள்ள தண்டர்போல்ட் துளையில் செருகி, அதை மேக்கின் கோப்பு அமைப்பான ஏபிஎஃப்எஸ்ஸாக மாற்றி, அதிலேயே மேக்ஓஎஸ்ஸை நிறுவுங்கள். ஆன் செய்யும்போது ஆப்ஷன் விசையை அழுத்திப் பிடித்தால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். 2020 மாடலில் டி2 என்ற பாதுகாப்பு சிப் இருப்பதால் முதலில் வெளி டிஸ்க்குக்கு அனுமதி கொடுக்க வேண்டும். உங்களுடையதில் அந்தத் தொல்லை இல்லை. உள்ளே இருக்கும் டிஸ்க்கைப் பழைய பைல்களுக்கு வைத்துக்கொள்ளலாம், ஒரே பிரதியாக மட்டும் வேண்டாம்.

ரேம்தான் இதில் மனிதன் கை வைக்கக்கூடிய ஒரே இடம். 27 அங்குலத்தில் பின்பக்கம் ஒரு மூடி, உள்ளே நான்கு ஸ்லாட். லேப்டாப்பில் போடும் டிடிஆர்4 2666. இரண்டு 4 ஜிபி இருக்கும், அதோடு இரண்டு 16 சேர்த்தால் மொத்தம் 40.

தாள்தூசி:
தம்பி, பிரஸ் மெஷினுக்குப் பக்கத்திலா வைக்கப்போகிறீர்கள்? தாள் ஒட்டாமல் இருக்கத் தூவுகிற பவுடர் இதன் கீழ் விளிம்புத் துளை வழியாக உள்ளே போகும். தனி கேபினட் என்றால் மாதம் ஒரு தடவை கதவைக் கழற்றி ஊதிவிடலாம், இதில் முடியாது. கண்ணாடி அறைக்குள் வையுங்கள்.

யூபிஎஸ் கட்டாயம். சாதாரண 600 விஏ யூபிஎஸ் உண்மையில் 360 வாட் பக்கம்தான் தாங்கும். இந்த மாடல் வரிசையில் உச்சம் 250 வாட்டைத் தாண்டும். கரண்ட் போனால் சேவ் செய்து அணைக்க மட்டும் அது போதும். தொடர்ந்து வேலை பார்க்க 1 கேவிஏ வேண்டும்.

இன்னொன்று, விலை. எம்4 மேக் மினி 16 ஜிபி ரேமோடு 59,900-க்கு அறிமுகமானது. அதோடு ஒரு 27 அங்குல 4கே மானிட்டர். மானிட்டர் போனால் மானிட்டர், மினி போனால் மினி. எதற்குப் பழசு?

பழைய மவுஸ்:
4கே மானிட்டர் மோசமில்லை. ஆனால் 5கே தனியாக வேண்டுமென்றால் ஆப்பிள் ஸ்டுடியோ டிஸ்ப்ளே 2022-இல் வந்தபோதே 1,59,900. அதனால் கணக்கை இப்படிப் போடுங்கள், அண்ணாச்சி. இந்த ஐமேக்கில் கம்ப்யூட்டருக்கு விலை இல்லை, திரைக்கு மட்டும் கொடுக்கிறீர்கள். அந்தத் திரைக்கும் ஆயுள் கம்ப்யூட்டரின் ஆயுள்தான். 2019 மாடல் மேக்ஓஎஸ் செகோயாவோடு நின்றுவிட்டது, அடுத்து வந்த டாஹோ ஏறாது. அடோபியும் பழைய ஓஎஸ்களை ஒவ்வொன்றாகக் கைவிட்டுக்கொண்டே வரும். மூன்று வருடம் உழைத்தால் கட்டுப்படியாகிற விலை என்னவோ, அதற்குமேல் ஒரு ரூபாய் வேண்டாம். என் கணக்கில் 30 முதல் 35 ஆயிரம். நல்ல திரை என்பதற்காக 45 கொடுத்தால் நஷ்டம்.

வாங்கும்முன் முழுத்திரையில் ஒரு சாம்பல் நிறப் படத்தை வைத்து, ஓரங்கள் நிறம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். அவருடைய ஐகிளவுட் கணக்கை அவர் கையாலேயே வெளியேற்றச் சொல்லுங்கள். கொண்டுவரும்போது பைக் வேண்டாம், 9 கிலோ கண்ணாடிப் பலகை அது.

அச்சுமை:
34,000-க்கு முடிந்தது. அவருடைய காரிலேயே கொண்டுவந்து வைத்துவிட்டார். வெளி எஸ்எஸ்டியில் செகோயா போட்டாயிற்று, ஓட்டம் நன்றாக இருக்கிறது. ஸ்டாண்டு ஏறி இறங்காது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை! இப்போதைக்கு இரண்டு ரீம் டெமி தாளுக்கு மேல் உட்கார்ந்திருக்கிறது. பழைய கம்ப்யூட்டர் பக்கத்து மேசையில், பேஜ்மேக்கரோடு.

ஒரே சிக்கல். ரேம் வாங்கிவிட்டேன், பின்பக்க மூடி திறக்க மாட்டேன் என்கிறது. ஸ்க்ரூவும் இல்லை, நெம்பவும் பயம்.

ஒளிக்கோடு:
நெம்பாதீர்கள். பவர் கார்டைப் பிடுங்கினீர்களா? அது செருகும் குழிக்குள் ஒரு சின்ன பட்டன் இருக்கும், அதை அழுத்துங்கள்.

அச்சுமை:
பிடுங்கவில்லை. பிடுங்கினேன், திறந்துவிட்டது. 40 ஜிபி காட்டுகிறது.