ஒன்பதாம் வகுப்பில் எல்லாரும் பேசித்தான் ஆகணுமா?

பொதிகைச்சாரல்:
அம்பாசமுத்திரம் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழ் எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் 42 பேர். காலை வணக்கக் கூட்டத்தில் குறளும் செய்தியும் வாசிப்பது ஆறாம் வகுப்பிலிருந்தே அதே நாலு பேர்தான். தமிழ் வளர்ச்சித் துறை நடத்தும் பேச்சுப் போட்டிக்கும் அவர்களைத்தான் அனுப்புகிறோம். மாவட்ட அளவில் முதல் பரிசு 5,000 ரூபாய் என்னும்போது தோற்கிற பிள்ளையை அனுப்ப யாருக்கு மனசு வரும்? மீதி 38 பேர் ‘உள்ளேன் ஐயா’வுக்கு மேல் வாய் திறக்காமலே பத்தாவதை முடித்துப் போய்விடுகிறார்கள். அடுத்த மாதம் முதல் வெள்ளிதோறும் ஆளுக்கு 2 நிமிடம் பேசியே ஆகவேண்டும், யாருக்கும் விலக்கு இல்லை என்று கொண்டுவரப் போகிறேன். சக ஆசிரியர் ஒருவர் ‘பிள்ளைகளை வதைக்காதீங்க’ என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

நாங்குநேரி அண்ணாச்சி:
தாராளமா செய்யுங்க சார். என் கடைக்கு வேலை கேட்டு வருகிற பையன்கள் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். ‘உன்னைப் பத்திச் சொல்லுடே’ என்றால் தரையைப் பார்க்கிறார்கள். எங்களை எல்லாம் கிணற்றில் தள்ளித்தான் நீச்சல் படிக்க வைத்தார்கள். யாரும் செத்துப் போகவில்லை.

பாளைக்காரி:
அண்ணாச்சி, தள்ளினது சரி. இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டித்தானே தள்ளினாங்க? அதை விட்டுட்டீங்களே.

என்னைக் குடுக்கை இல்லாமல் தள்ளினார்கள். எட்டாவது படிக்கும்போது ஆண்டு விழாவில் பேசச் சொல்லி, ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார்கள். பாதியில் மறந்துவிட்டது. சொந்தமாகச் சமாளிக்கப் பார்த்து, ‘அவிய வந்தாவ’ என்று வீட்டில் பேசுகிற நெல்லைப் பேச்சிலேயே சொல்லிவிட்டேன். கூட்டம் சிரித்தது. அதைக்கூட மறந்திருப்பேன், எழுதிக் கொடுத்த டீச்சரும் சிரித்தார். இப்போது வயது 36, நல்ல வேலையில் இருக்கிறேன். இன்றும் அலுவலகக் கூட்டத்தில் என் முறை வருவதற்குள் உள்ளங்கை நனைந்துவிடும். 42 பேரில் என்னைப் போல் எத்தனை பேர் என்று சாருக்குத் தெரியுமா?

கணக்குப்புலி:
42 பேருக்கு 2 நிமிடம் என்றால் 84 நிமிடம். இரண்டு பாடவேளை காலி. வருகைப் பதிவேட்டு வரிசையில் கூப்பிட்டால் கடைசிப் பிள்ளை 82 நிமிடம் வயிற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கும். பேசுவதைவிடக் காத்திருப்பதுதான் கொடுமை. தினமும் முதல் பாடவேளையில் நாலு பேர் என்று வையுங்கள், 11 பள்ளி நாளில் ஒரு சுற்று முடிந்துவிடும்.

பழைய பரிசுக்காரன்:
சார் சொல்கிற அந்த நாலு பேரில் ஒருவனாக இருந்தவன் நான். வீட்டில் ஷீல்டு வைக்க இடம் இல்லை. பேச்சை எழுதியது எங்கள் தமிழையா. ‘அன்று’ என்னும்போது வலது கை, ‘இன்று’ என்னும்போது இடது கை என்பது வரைக்கும் அவர் சொல்லிக் கொடுத்ததுதான். கல்லூரியில் முதல் செமினார் முடிந்ததும் ஒரு பெண் எழுந்து சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டாள். எனக்கு வாயே வரவில்லை. அதுவரை நான் பேசியதே இல்லை, ஒப்பித்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. கட்டாயம் வேண்டுமா வேண்டாமா என்பது அப்புறம். எழுதிக் கொடுக்காதீர்கள். தலைவர்கள் வரலாறு வேண்டாம். வீட்டில் பீடி சுற்றுகிற பிள்ளை இலை வெட்டுவதைச் சொல்லட்டும், வாழை போட்ட வீட்டுப் பையன் காற்றில் மரம் சாய்ந்த கதையைச் சொல்லட்டும்.

சென்னையில் நெல்லையான்:
கேட்க நல்லா இருக்கு. நாளைக்கு நேர்முகத் தேர்வில் ‘அவிய இவிய’ என்று பேசினால் வேலை கொடுப்பார்களா? மேடைத் தமிழ் ஒன்று இருக்கிறது, அதைப் பள்ளிதான் கற்றுத்தர வேண்டும். மேடைப்பேச்சுப் பயிற்சிக்கென்றே இருக்கிற டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களைப் பாருங்கள். 1924இல் கலிபோர்னியாவில் தொடங்கியது. பேசுகிறவருக்கு நேரம் காட்ட விளக்கு வைத்திருக்கிறார்கள். ‘ஆ’, ‘ம்’ என்று இழுப்பதை எண்ணுவதற்கே தனியாக ஒருவர். அந்த ஒழுங்கு இல்லாமல் பேச்சு வராது.

பழைய பரிசுக்காரன்:
நானும் அங்கே போயிருக்கிறேன். அங்கே வருகிறவர்கள் பெரியவர்கள், காசு கட்டித் தாங்களாக வருகிறார்கள். அங்கேயும் முதல் பேச்சு தன்னைப் பற்றித்தான், 4 முதல் 6 நிமிடம். எடுத்ததும் தேசத் தலைவரைப் பற்றிப் பேசச் சொல்வதில்லை.

வில்லடி பேரன்:
எங்கள் தாத்தா வில்லுப்பாட்டுக்காரர். சுடலைமாடன் கோயில் கொடைவிழா என்றால் ராத்திரி முழுக்கக் கதை. எல்லாம் இந்த ஊர்த் தமிழ்தான். ஒருத்தரும் சிரித்ததில்லை, சிரிக்க வைத்தால்தான் சிரிப்பார்கள்!

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. வில்லில் யாரும் தனியாகப் பேசுவதில்லை. கதை சொல்கிற அண்ணாவி ஒரு வரி சொன்னால் பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போடுவார், ‘அப்புறம் என்னாச்சு?’ என்பார். கதை மறந்தால் அந்த ‘ஆமா’வுக்குள் ஞாபகம் வந்துவிடும். என் அப்பா பல வருஷம் பின்னால் உட்கார்ந்து ஜால்ராதான் தட்டினார். ‘ஆமா’ போட்டுப் போட்டுக் கூட்டம் பழகி, அப்புறம்தான் வில்லைத் தட்டுகிற வீசுகோலைக் கையில் வாங்கினார். சார், இரண்டு இரண்டு பேராக நிறுத்துங்கள். ஒருத்தன் சொல்லட்டும், இன்னொருத்தன் ‘ஆமா’ போட்டு ஒரு கேள்வி கேட்கட்டும். மறுவாரம் இடம் மாறட்டும்.

பாளைக்காரி:
இதுதான் அண்ணாச்சி, சுரைக்குடுக்கை!

நாங்குநேரி அண்ணாச்சி:
சரிம்மா, ஒத்துக்கிடுதேன். ஆனாலும் பயம் போக வேண்டாமா? வள்ளுவரே அவையஞ்சாமைக்குத் தனி அதிகாரம் வைத்திருக்கிறார்.

பாளைக்காரி:
அது 73ஆவது. அதற்கு முந்தினது அவையறிதல். கேட்கிறவர்கள் யார் என்று தெரிந்தபிறகுதான் அஞ்சாமை.

கணக்குப்புலி:
பயம் போகாது. அது வெளியே தெரியாது என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் போதும். 2003இல் சவிட்ஸ்கி, கிலோவிச் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ‘உங்கள் படபடப்பு நீங்கள் நினைக்கிற அளவுக்கு மற்றவர் கண்ணில் படாது’ என்று முன்கூட்டியே விளக்கப்பட்ட மாணவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்களாம். செலவில்லாத வைத்தியம்.

சென்னையில் நெல்லையான்:
மேடைத் தமிழை எப்போதுதான் சொல்லிக் கொடுப்பீர்கள்? அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

பொதிகைச்சாரல்:
நான் சொல்கிறேன். முதல் பருவம் வீட்டுப் பேச்சில் வரட்டும். இரண்டாம் பருவத்தில் அதே கதையை எழுத்துத் தமிழில் சொல்லச் சொல்கிறேன். கதை கையில் இருப்பதால் மொழியை மட்டும் மாற்றினால் போதும். வெள்ளிக்கிழமைத் திட்டத்தை விட்டுவிட்டேன், தினமும் இரண்டு சோடி. ஆனால் யாருக்கும் விலக்கு இல்லை என்பதில் மாற்றமில்லை. விருப்பப்பட்டவர் வரலாம் என்றால் அந்த நாலு பேர்தான் மறுபடியும் எழுந்து நிற்பார்கள்.

பாளைக்காரி:
அதுவும் சரிதான், மறுக்கவில்லை. பேசுகிறவளைப் பார்த்துச் சிரிக்கிறவனை என்ன செய்வீர்கள்?

நாங்குநேரி அண்ணாச்சி:
சிரிச்சவன்தான் அடுத்துப் பேசணும். அவ்வளவுதான்!

பாளைக்காரி:
அதைத்தான் வேண்டாம் என்கிறேன் அண்ணாச்சி. அப்புறம் பேசுவதே தண்டனை ஆகிவிடுமே.

பொதிகைச்சாரல்:
இதை நான் யோசிக்கவே இல்லை. சிரித்தவனை அவளுக்கு ‘ஆமா’ போடுகிற இடத்தில் உட்கார வைக்கலாமா? திங்கட்கிழமை பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.