ஆயிலில் டீசல் கலந்திருக்கிறதா? சோதிக்க வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. எங்கள் டிராக்டரில் இன்ஜின் ஆயில் குறைவதற்குப் பதிலாக ஏறிக்கொண்டே போகிறது. டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டி விரலகலம் நிற்கிறது. தொட்டால் பிசுக்கே இல்லை, டீசல் வாடை வேறு. இன்ஜெக்டரோ பம்ப் சீலோ கசிகிறது என்றுதான் படுகிறது.

தாளில் ஒரு சொட்டு விட்டேன். கறுப்புக் கறையைச் சுற்றி வெளிறிய வளையம் படர்ந்தது. டீசல் எத்தனை சதவீதம் என்று அதில் தெரியாதே! 15டபிள்யூ-40 தரப் புது ஆயிலின் பாகுத்தன்மை (எவ்வளவு கெட்டி என்ற அளவு) 100 டிகிரி செல்சியஸில் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குக் குறையாது; டீசல் கலந்தால் அது இறங்கும். ஆனால் கரி சேர்ந்தால் ஆயில் கெட்டிப்படும் என்பதால், அதை மட்டும் நம்ப முடியாது. ஃபிளாஷ் பாயின்ட்டும் (ஆயிலின் ஆவி தீப்பற்றும் வெப்பநிலை, டீசல் கலந்தால் குறையும்), முடிந்தால் கேஸ் குரோமட்டோகிராபியும் (கலந்திருப்பதைப் பிரித்து அளக்கும் சோதனை) பார்த்துத் தரும் ஆய்வகம் திருச்சி, தஞ்சாவூர் பக்கம் இருக்கிறதா? சாம்பிள் எவ்வளவு வேண்டும்? ஒப்பிட புது ஆயிலும் கொடுக்க வேண்டுமா?

பேரிங் போய்விடும் என்ற பயத்தில் வண்டியை நிறுத்தி வைத்திருக்கிறேன். உழவு நெருங்குகிறது, தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.