டிசலரேஷனுக்கு ‘முங்கல்’ போதுமே

அண்ணாச்சி,

பிரசவ வலியின்போது குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கி ஏறுவதை ஆங்கிலத்தில் டிசலரேஷன் என்கிறோம்; அதற்குத் தமிழில் நீங்கள் சொன்ன ‘எதிர்முடுக்கம்’ இயற்பியலுக்குச் சரி. பிரசவ அறைக்கு அது ஒட்டவில்லை. அதில் வேகம் குறைவது மட்டும்தான் இருக்கிறது, மீள்வது இல்லை. நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை ஓடும் துடிப்பு 15 அளவுக்காவது இறங்கி, 15 நொடியாவது நீடித்து, பிறகு பழைய நிலைக்கு வந்தால்தான் டிசலரேஷன். 110-க்குக் கீழே 10 நிமிடம் கிடந்தால் அதைப் பிராடிகார்டியா என்கிறோம்.

நம் பக்கத்துச் சொல்லே இருக்கிறது: முங்கல். தாமிரபரணியில், குறுக்குத்துறையில் முங்கிக் குளிக்கிறவர் உள்ளே போய் எழுந்து வருவார். எழாமல் போனால் மூழ்கிவிட்டார் என்றுதான் சொல்வோம். எனக்கு வேண்டியது அந்த வித்தியாசம். தண்ணீருக்குள் முகம் அமிழ்ந்தால் பெரியவர்களுக்கும் துடிப்பு மெதுவாகும், அதுவும் பொருத்தம். உருகுவே மருத்துவர் கல்தெய்ரோ-பார்சியாவும் இவற்றை ‘டிப்’ என்றே அழைத்து, இரண்டு வகையாகப் பிரித்தார்.

இன்று மூன்று வகை சொல்கிறோம். வலியோடு இறங்கி வலியோடு ஏறுவது உடன்முங்கல். தலை அழுந்துவதால் வருவது, பெரும்பாலும் பயமில்லை. கொப்பூழ்க்கொடி நசுங்கும்போது சட்டென்று, ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு வடிவில் இறங்குவது மாறுமுங்கல்.

நாம் கவனமாகப் பெயர் வைக்க வேண்டியது மூன்றாவதற்கு. கருப்பை இறுகும்போது அதன் சுவரில் ஓடும் ரத்தக்குழாய்கள் அழுந்தி, நஞ்சுக்கொடிக்குப் போகும் தாயின் ரத்தம் குறைகிறது. தெம்பான குழந்தை இதைத் தாங்கிக்கொள்ளும். கையிருப்பு குறைந்த குழந்தைக்கு ஆக்சிஜன் இறங்கியதும் கழுத்துத் தமனியில் உள்ள உணரிகள் அதை அறிந்து, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு வழியாக இதயத்தை மெதுவாக்குகின்றன. கை கால்களுக்குப் போகும் ரத்தம் சுருங்கி, மூளைக்கும் இதயத்துக்கும் திரும்புகிறது. இவ்வளவும் நடக்க நேரம் பிடிப்பதால், வலி உச்சிக்குப் போய் இறங்கும்போதுதான் துடிப்பு அடிமட்டத்தைத் தொடும். வலி விட்ட பிறகே பழைய நிலைக்கு ஏறும்.

ஆங்கிலத்தில் ‘லேட்’ டிசலரேஷன் என்பதற்காக, இதற்கு ‘தாமத முங்கல்’ வேண்டாம். தாய் காதில் விழுந்தால், நாம்தான் ஆஸ்பத்திரிக்குத் தாமதமாக வந்துவிட்டோமோ என்று கலங்குவாள். ‘பின்முங்கல்’ என்றால் பின்பக்கமா என்று கேட்பார்கள். ‘பிந்துமுங்கல்’ எனலாம். “மூணு வலியிலும் பிந்துமுங்கல், இடது பக்கமாப் படுக்க வச்சிருக்கேன், சீக்கிரம் வாங்க டாக்டர்” என்று நர்ஸ் போனில் சொல்வதுபோலச் சொல்லிப் பாருங்கள், ஒரு வார்த்தையும் இடறவில்லை.

அப்புறம், முங்கல்களுக்கு நடுவே ஓடும் வழக்கமான துடிப்பான பேஸ்லைனுக்கு ‘அடித்துடிப்பு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ‘அடி’ இரண்டு பொருள் தருவது உறுத்துகிறது. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.