புதுப்பிப்பு: பிளாப் முதல் தேர்வு பாஸ், ஆனா இன்னும் இங்கதான்

போன வருஷம் கேட்டிருந்தேனே: ஹவுஸ் சர்ஜன்சி முடிச்சாச்சு, இங்கேயே மேல்படிப்புக்கு நீட் பிஜியா, சம்பளத்துக்காக இங்கிலாந்தான்னு? பாதிப் பேர் "கிளம்பு"ன்னீங்க. வெளிநாட்டுல படிச்ச டாக்டர்கள் இங்கிலாந்துல வேலை பார்க்க எழுதுற பிளாப்ல முதல் தேர்வு, 3 மணி நேரம், 180 கேள்வி, பாஸாயிட்டேன்.

இரண்டாவது தேர்வு இங்கிலாந்துல, மான்செஸ்டர்ல மட்டும்தான். கட்டணம், விசா, டிக்கெட்னு அப்பா காலண்டர் தாளோட பின்பக்கத்துல கூட்டிப் பார்த்தார். பேனாவை மூடினவர் அப்புறம் பேசவே இல்ல.

அதைவிட உறுத்தினது அங்க இருக்கிற சீனியர் சொன்னது. ரெண்டும் பாஸ், ஜிஎம்சி (அந்த ஊர் மருத்துவக் கவுன்சில்) பதிவும் இருக்கு. எட்டு மாசமா வேலைக்கு விண்ணப்பம் மட்டும் போட்டுக்கிட்டிருக்கார். (கோச்சிங் சென்டர்ல இதைச் சொல்லமாட்டாங்க.)

முதல் தேர்வு 2 வருஷம் செல்லும். அதுவரைக்கும் தனியார் ஆஸ்பத்திரியில நைட் டியூட்டி, பகல்ல நீட் பிஜி படிப்பு. சம்பளம் எவ்வளவுன்னு மட்டும் கேட்காதீங்க. மான்செஸ்டர் தேதி இன்னும் புக் பண்ணல.